உச்சுக்கொட்டலின் பொருள்

1

நான் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன் எந்த நிலையில் இருந்தேன் என்பதை முதலிற் சொல்லிவிடுவதே முறை. யாழ்ப்பாணத்தின் பெயர்பெற்ற கல்லூரிகளுள் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணிதம் கற்பித்தேன். இறுதிக் காலத்தில் உப அதிபராகவும் இருந்தேன். பட்டம் சென்னையில் படித்துப் பெற்றது, முதலாம் வகுப்பு. என்னிடம் படித்தவர்களுள் பொறியியலாளரும் மருத்துவரும் நியாயவாதிகளும் உளர். நான் சைக்கிளில் போகும்போது எதிரே வரும் பழைய மாணவன் தன் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரும் விடயத்தை வாசகர் சரியாக எடையிட்டுப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நான் இசை கேட்பவன், இசைப்பவன் அல்லன். எங்கள் குடும்பத்தில் பாட்டைக் கேட்பவர்கள் இருந்தார்கள், பாடுபவர்கள் இருக்கவில்லை. சிறுவயதில் கிணற்றடியில் ஒரு கீர்த்தனையை உரத்துப் பாடிவிட்டேன். தகப்பனார் வெளியே வந்து, "பாடுறதுக்கு ஆக்கள் இருக்கினம். நீ இருந்து கேள்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து கேட்டேன்.

எப்படிக் கேட்டேன் என்பது முக்கியம். இணுவிலுக்கு அடுத்த ஊர் எங்களுடையது. திருவிழாக் காலத்தில் தவில் நாதஸ்வரக் கச்சேரி நடக்கும்போது முன்வரிசையில் எனக்கென்று ஓரிடம் இருக்கும். வித்துவான் இராகத்தின் கடினமான ஒரு பிடியை அவிழ்த்துக் காட்டிவிட்டு, கண்ணைத் திறந்து என் பக்கம் பார்ப்பார். நான் தலையை இருபுறமும் மெல்ல அசைத்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, ‘ச்சு’ என்று ஒரு சத்தம் இடுவேன். அதைக் கேட்ட பின்னரே அவர் அடுத்த பிடிக்குப் போவார். அந்தச் சத்தத்தை நான் கண்டபடி செலவழிப்பவன் அல்லன். என்னிடமிருந்து ஓர் உச்சுக்கொட்டல் கிடைத்தது என்று மறுநாள் சந்தையில் பேசிக்கொண்டவர்களை நானே கேட்டிருக்கிறேன்.

2

இப்போது நான் மெல்பேர்ணில், கத்தோலிக்க ஆண்கள் பாடசாலை ஒன்றில் தற்காலிகக் கணித ஆசிரியன். வந்து சேர்ந்து ஐந்து ஆண்டுகளாகின்றன. தற்காலிகம் என்ற சொல் இன்னும் நீங்கவில்லை. ஆசிரியர் பதிவுக் கந்தோரில் என் பட்டத்தைப் புரட்டிப் பார்த்த உத்தியோகத்தர், "மெட்ராஸ் சிலோனில் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். விளக்கினேன். அப்படியானால் நான் ஏன் வேறொரு நாட்டில் போய்ப் படித்தேன் என்பதற்கு எழுத்தில் விளக்கம் தரும்படி சொன்னார். அதையும் தந்தேன்.

பெயரிலும் ஒரு குழப்பம் நேர்ந்தது. எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னாலும் என் பெயரைப் பின்னாலுமாக எழுதிக் கொடுத்தேன். அவர்கள் இரண்டையும் மாற்றிப் பதிந்து, தகப்பன் பெயரை என் பெயராக்கிவிட்டார்கள். திருத்தும்படி மூன்று முறை எழுதினேன். மூன்று பதில்களும் ‘அன்புள்ள மிஸ்ரர் ஆறுமுகம்’ என்று என் காலஞ்சென்ற தகப்பனாரை விளித்தே வந்தன. பாடசாலையிலும் நான் ஆறுமுகம்தான். என் சொந்தப் பெயரை இந்நாட்டில் சொல்வதற்கு மனைவிக்கு வழக்கமில்லை, மற்றவர்களுக்குத் தெரியாது.

வீடு கிளென் வேவர்லியில். புகையிரதப் பாதை அங்கே முடிகிறது. ஆகவே இறங்குமிடத்தைத் தவறவிட முடியாது. இந்நாட்டில் நான் ஐயமின்றிச் செய்யும் பயணம் அது ஒன்றுதான்.

இன்று அந்தப் பயணத்திலும் அமைதி இருக்கவில்லை. காலை இடைவேளையில் எங்கள் அதிபர் மொறன் ஆசிரியர் அறைக்கு வந்தார். அவருடைய சொந்த ஊரில் ஆண்டுதோறும் கோடை முடிவில் ஐரிஷ் மரபிசை விழா நடக்கும். இம்முறை அது, சென்ற குளிர்காலத்தில் காலமான அவருடைய மாமன் டெனிஸின் நினைவாக நடக்கிறதாம். நான் வந்து சில வார்த்தைகள் பேசவேண்டும் என்றார். என்ன பேசவேண்டும் என்றும் சொன்னார். அதைப் பின்னால் எழுதுகிறேன். மணி அடித்துவிட்டது, பதில் சொல்லாமல் வகுப்புக்குப் போய்விட்டேன்.

மாலையிலிருந்து எழுதுகிறேன், எழும்புகிறேன், யன்னலடியில் நிற்கிறேன், திரும்பவும் வந்து இருக்கிறேன்.

"இஞ்சாருங்கோ, இருப்புக் கொள்ளேல்லையோ? கோப்பியும் ஆறிப்போச்சு" என்கிறார் மனைவி, குசினியிலிருந்து.

"எழுதிறன்."

"எழுதிற ஆள் இருந்தெல்லோ எழுதும்?"

கதிரையை இழுத்து இருக்கிறேன்.

3

மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த விழாவுக்குப் போனது மகள் சாந்தியின் பொருட்டு. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. ஊரில் ஏழு வயதிலிருந்து அவளுக்கு வயலின் பழக்கினோம். சம்மணமிட்டு இருந்து, வயலினின் தலையைக் காற்பெருவிரலருகே ஊன்றி, ஒழுங்காக வாசித்த பிள்ளை. இங்கே வந்ததும் பாடசாலைச் சங்கீத ரீச்சர் அவளை எழுப்பி நிற்கவைத்து, வயலினை நாடிக்குக் கீழே செருகிவிட்டார். அதன் பின் வீட்டிலும் நின்றே வாசித்தாள். கமகம் கை நழுவியது. நான் தமிழிற் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். நான் ஆங்கிலத்தில் கேட்டால் பதிலே வராது. என் உச்சரிப்புக்கு அவள் முகம் சுருங்குவதை மட்டும் காண்பேன்.

அந்த நிலையில்தான் மொறன், "உங்கள் மகள் வயலின் வாசிப்பாளாமே, எங்கள் ஊர் விழாவுக்கு அழைத்து வாருங்கள்" என்றார். சாந்திக்கு ஒரே துள்ளல். தனியே அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆகவே நானும் போனேன். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்துகொண்டு போனேன். கச்சேரிக்குப் போகிறவன் வேறெப்படிப் போவான்?

மொறனின் காரில் மேற்குத் திசையாக நெடுநேரம் ஓடினோம். ஊர் கடலுக்கு அருகே. கருமண்ணில் உருளைக்கிழங்குப் பாத்திகள் வீட்டு வேலிவரை வந்து நின்றன. பஞ்ச காலத்தில் அயர்லாந்திலிருந்து கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே உருளைக்கிழங்கையே பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள்.

டெனிஸைப் பற்றி மொறன் காரில் வைத்துச் சொன்னார். உருளைக்கிழங்குத் தோட்டக்காரர், எழுபத்தைந்தைக் கடந்தவர். பிடில் வாசிப்பதில் அந்த வட்டாரத்தில் அவருக்கு நிகர் இல்லை. அப்போதைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் மனைவி நோரா இறந்த பிறகு அவர் ஒருவர் முன்னும் வாசிக்கவில்லை. துக்கத்தால் மட்டும் அல்ல. தாளம் தன்னை விட்டுப் போய்விட்டது என்று அவர் நம்பினார். விரல்கள் பிந்துகின்றன, நோரா இருந்தால் சொல்லியிருப்பாள், மற்றவர்கள் இரக்கத்தால் வாய் திறக்கிறார்களில்லை என்பாராம். குடும்பம் முழுவதும் கெஞ்சி, இந்த விழாவில் ஒருமுறை மட்டும் வாசிக்கச் சம்மதிக்க வைத்திருந்தது.

"இன்று சரியாகப் போனால் அவர் மீண்டுவிடுவார். போகாவிட்டால் பிடிலை விற்றுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்" என்றார் மொறன்.

(அவர்கள் எல்லாரும் பேசியது ஆங்கிலம். நான் தமிழில் தருகிறேன்.)

4

"சனிக்கிழமை மத்தியானம் ஹோட்டலில் வாசிக்கிறார்" என்று மொறன் சொல்லியிருந்தார். ஹோட்டல் என்றால் எங்களுக்குத் தெரிந்தது என்ன? வாழையிலை, வடை, பிளேன்ரீ. மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டவன் நான். கதவைத் திறந்ததும் புளித்த பியர் மணம் முகத்தில் அடித்தது. இந்நாட்டில் தவறணைக்கும் ஹோட்டல் என்றே பெயர்ப்பலகை எழுதுகிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

வாசலில் நின்றுவிட்டேன்.

"அப்பா, கமோன்" என்றாள் சாந்தி.

"இது தவறணை."

"எவ்ரிபடி இஸ் ஹியர், அப்பா!"

அது உண்மை. பெண்களும் பிள்ளைகளும் ஒரு பாதிரியாரும்கூட உள்ளே இருந்தார்கள். பெண்கள் இருக்கும் பக்கத்து அறையில்தான் இசை நடந்தது. எனக்கு எலுமிச்சம்பழச் சோடா ஒன்று வாங்கித் தந்து, மொறன் எங்களை அங்கே இருத்தினார்.

எம் வாசகருக்கு அந்தச் சபையின் ஒழுங்கை விளங்கப்படுத்துவது எளிதன்று. மேடை இல்லை. ஒரு மேசையைச் சுற்றி, ஒருவரையொருவர் பார்த்தபடி, எட்டுப் பத்துப் பேர் இருந்து வாசித்தார்கள். கேட்பவர்களுக்குத் தெரிந்தது முதுகுதான். முதன்மை வித்துவான் யார், பக்கவாத்தியம் எது என்று சொல்ல முடியாது. எல்லாரும் ஒரே மெட்டை ஒரே நேரத்தில் வாசித்தார்கள். மெட்டு முடிந்ததும் நிறுத்தாமல் மீண்டும் தொடக்கத்துக்குப் போனார்கள். தாளத்துக்குத் தனி வாத்தியம் இல்லை. சப்பாத்துக் கால்கள் மரத்தரையைத் தட்டின, அவ்வளவே. ஆனந்தம் பொறுக்காதவர்கள் மாடு ஓட்டிச் சாய்ப்பவர்களைப்போல் ஒரு கூவல் கூவினார்கள். முதற் கால்மணி நேரம் எனக்குத் தலையிடிதான். அதன் பின் வலது கை தானாகவே தொடையில் எண்ணத் தொடங்கிவிட்டது. ஒன்று திஸ்ரத்தில் போயிற்று. ஒன்றில் கரகரப்பிரியாவின் சாயல் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. நிமிர்ந்து இருந்தேன்.

அப்போது டெனிஸ் வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, மண் ஏறிய நகங்கள். எல்லாரும் வழிவிட்டார்கள். அவருடைய பதற்றத்தைக் குறைக்க நினைத்தாரோ என்னவோ, மொறன் ஒரு பகிடி விட்டார்.

"மாமா, கவனமாக வாசியுங்கள். இவர் மிஸ்ரர் ஆறுமுகம், கணித ஆசிரியர். எண்ணாமல் எதையும் விடமாட்டார்."

அறை சிரித்தது. டெனிஸ் சிரிக்கவில்லை. என் கழுத்துப்பட்டியைப் பார்த்தார், தொடையில் இருந்த என் கையைப் பார்த்தார், பிறகு பிடிலைத் தோளில் வைத்தார்.

தனியாக வாசித்தார். மூன்று மூன்றாக மூன்று தரம் போகும் ஒரு மெட்டு. எம்மவர் சொல்வதானால் ரூபகம், திஸ்ர நடை. முதற் சுற்றில் வில் கொஞ்சம் நடுங்கியது. இரண்டாம் சுற்றில் நடுக்கம் அடங்கியது. மூன்றாம் சுற்றில், மெட்டின் பிற்பாதியில், சமத்தில், தாளத்தின் முதல் தட்டிலேயே, வந்து விழவேண்டிய சுரத்தை அவர் விழ விடவில்லை. தட்டு விழுந்தது, சுரம் இல்லை. ஒரு மூச்சளவு வெறுமை. அதன் பிறகு, சொல்ல மறந்ததை நினைத்துச் சொல்வதுபோல, அந்தச் சுரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுத்த தட்டுக்கு முன் கணக்கைச் சரிசெய்துகொண்டார். எங்கள் வித்துவான்கள் அனாகதம் என்று சொல்லி, முன்கூட்டியே மார்தட்டிவிட்டுச் செய்வது. இவர் ஒன்றும் சொல்லாமற் செய்தார்.

என் தலை இருபுறமும் அசைந்தது. ‘ச்சு’ என்றேன்.

அவர் கண் என் பக்கம் திரும்பியது. அடுத்த சுற்றில் அதே இடத்தை இன்னும் தாமதித்து, இன்னும் மெல்லிதாகத் தொட்டார். என்னை அறியாமல் இரண்டு தரம் உச்சுக்கொட்டினேன். தலையும் நன்றாகவே ஆடியிருக்க வேண்டும்.

வில் நின்றது.

பிடிலை மேசையில், கிளாசுகளின் நடுவே வைத்தார். "அவர் சொல்வது சரி" என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு பின்கதவால் முற்றத்துக்குப் போய்விட்டார்.

5

அந்த அறையின் அமைதியை நினைத்தால் இப்போதும் கதிரையை விட்டு எழவேண்டியிருக்கிறது.

"யார் இந்த நீதவான்? யார் கூட்டிவந்தது?" என்று ஒருவன் பின்னாலிருந்து கேட்டான். மொறனின் முகம் காதுவரை சிவந்துவிட்டது. "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்றார் என்னிடம்.

"என்ன செய்தேன்? இரசித்தேன்."

"தலையை ஆட்டி இல்லை என்றீர்கள். எல்லாரும் பார்த்தோம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கப்படுத்தியவள் சாந்தி.

"அப்பா, இஞ்சை அந்தச் சத்தம் ‘ஷேம்’ எண்டு அர்த்தம். நாங்கள் பிழை விட்டால் ரீச்சர்மார் அப்பிடித்தான் செய்யிறவை. தலையும் அப்பிடித்தான் ஆட்டுறவை."

"நான் முப்பது வரியமா இப்பிடித்தான் பாட்டுக் கேக்கிறனான்."

"அது அவையளுக்குத் தெரியுமோ?"

நியாயமான கேள்வி. எம்மவரிடமும் உச்சுக்கொட்டலுக்கு இரண்டு பொருள் உண்டு: செத்த வீட்டில் ஒன்று, கச்சேரியில் ஒன்று. எது எது என்று பிரித்துக் காட்டுவது தலையசைவு. அந்தத் தலையசைவையே இவர்கள் மறுப்பாக எடுத்துக்கொள்வார்களானால், என்னிடம் மீதமாக ஒன்றும் இருக்கவில்லை.

மொறன் என்னைச் சற்று ஒதுக்கிக் கொண்டுபோய்ச் சொன்னார்: "மன்னிப்பு என்று ஒரு சொல் சொல்லிவிடுங்கள். அவர் நல்ல மனிதர். போதும்."

மாட்டேன் என்றேன். பிடிவாதம் என்று அவர் நினைத்திருப்பார். அது கணக்கு. நான் மன்னிப்புக் கேட்டால், குறை கண்டது உண்மை, அதை வெளியே காட்டியதற்கு மட்டுமே வருந்துகிறேன் என்று ஆகும். அந்த மனிதர் தன் தாளம் போய்விட்டது என்று ஏற்கனவே நம்புகிறார். எண்ணாமல் எதையும் விடாதவன் என்று அறிமுகமானவன் நான். என் மன்னிப்பு அவருடைய நம்பிக்கையின்மேல் முத்திரை குத்திவிடும்.

முற்றத்துக்குப் போனேன். வெறும் பீப்பாய்கள் அடுக்கிய சுவரோரம், ஒரு நீள மர வாங்கில் டெனிஸ் இருந்தார். கடற்காற்று பலமாக அடித்தது. எங்கள் நாட்டில் அந்தச் சத்தம் பாராட்டு என்று எடுத்துச் சொன்னேன். மிகச் சரியான ஆங்கிலத்தில்தான் சொன்னேன்.

அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்கள் படித்தவர். நல்லவராகவும் இருக்கிறீர்கள். போய் உங்கள் சோடாவைக் குடியுங்கள்."

"நான் பொய் சொல்பவன் அல்லன்."

"நல்லவர்கள் எல்லாரும் என்னிடம் இரண்டு வருடமாகப் பொய்தான் சொல்கிறார்கள்." பின்பு தலையை நிமிர்த்தினார். "சரி. பாராட்டு என்றால் எதற்குப் பாராட்டு? எந்த இடத்தில்? அதைச் சொல்லுங்கள்."

அது பரீட்சை. பரீட்சை வைத்துப் பழகிய எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. சொல்லத் தொடங்கினேன். சமம் என்ற சொல்லை அவர் அறியார். அவர் ‘திருப்பம்’ என்று சொன்னது மெட்டின் எந்தப் பகுதி என்று எனக்குத் தெரியவில்லை. பிற்பாதி என்றேன், எந்தப் பிற்பாதி என்றார். எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் அகப்படவில்லை. அவர் கண்ணில் இருந்த சிறிய ஆவலும் அணையத் தொடங்கியது.

சாந்தி என் பின்னால் நின்றாள். "அந்த வயலினை எடுத்து அந்த இடத்தை ஒருக்கா வாசிச்சுக் காட்டு" என்றேன்.

அவள் தமிழிலேயே பதில் சொன்னாள்.

"எனக்கு வராது அப்பா. ஒருக்காத்தானே கேட்டனான். நீங்கள்தானே எண்ணிக்கொண்டிருந்தனீங்கள். நீங்கள்தான் பாடவேணும்."

"நானோ? இஞ்சையோ?"

"வேறை ஆர் பாடுறது?"

6

திரும்பிப் பார்த்தேன். அறையில் இருந்தவர்களில் பாதிப்பேர் பின்கதவில் நெருங்கி நின்றார்கள், கிளாசுகளோடு. தவறணையின் பின்முற்றம். பியர்ப் பீப்பாய்கள். ஒரு கல்லூரியின் உப அதிபர். ஊரில் ஒரு கலியாண வீட்டில் ஊஞ்சற் பாட்டுக்குக்கூட வாய் திறக்காதவன். அந்நேரம் நான் நினைத்தது கௌரவத்தைத்தான், மறைக்கப்போவதில்லை. சாந்தியைக் கூட்டிக்கொண்டு வெளியேறலாம் என்றும் நினைத்தேன். ஆனால் நான் பொய் சொல்பவன் அல்லன் என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. அதை நிரூபிக்க வேறு வழி தெரியவில்லை.

வாங்கின் மறு நுனியில் இருந்தேன். வலது கையால் தொடையில் ரூபகத்தைத் தொடங்கினேன். முதலில் எடுத்த சுருதி அதிகம், குரல் உடைந்தது. கதவடியில் யாரோ இருமினார்கள். இறக்கி எடுத்தேன். மெட்டுக்குச் சொற்கள் இல்லாதபடியால் சுரங்களாகவே பாடினேன். முதலில், எல்லாரும் வாசிப்பதுபோல, சுரம் தட்டிலேயே விழும்படி. அதன் பின் டெனிஸ் வாசித்தபடி. அந்த இடம் வந்தது. கை விழுந்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்த வெறுமையை அவர் விட்ட அளவுக்கே விட்டேன், கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதன் பிறகு சுரத்தை வைத்தேன். வைத்த கையோடு தலையை அசைத்து ‘ச்சு’ என்றேன்.

டெனிஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபடியும்" என்றார்.

மறுபடியும் பாடினேன். இம்முறை, இரண்டாம் தரம் அவர் எப்படி இன்னும் தாமதித்தார் என்பதையும் பாடிக் காட்டினேன்.

"அந்த இடத்தில் நான் வேண்டுமென்றே நின்றேன்" என்றார் அவர்.

"ஓம்" என்று தமிழிலேயே வாயில் வந்துவிட்டது.

"நழுவவில்லை."

"நழுவினவர் அடுத்த தட்டுக்குச் சரியாக வந்து சேரமாட்டார். நீங்கள் இரண்டு தரமும் சேர்ந்தீர்கள்."

பிறகு, "நோராவுக்குத்தான் அந்த இடம் தெரியும்" என்றார். "அங்கே வரும்போது குதிக்காலால் ஒருமுறை தட்டுவாள். வேறு ஒருவருக்கும் காது எட்டாது."

எழுந்து உள்ளே போனார். மேசையடியில் தன் பக்கத்துக் கதிரையை இழுத்துவிட்டு, அதில் என்னை இருக்கும்படி கையைக் காட்டினார். "இனி உங்களுக்குத் தோன்றும் இடத்தில் எல்லாம் அந்தச் சத்தத்தைப் போடுங்கள், ஆறுமுகம். இல்லாவிட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்."

பொழுது சாயும்வரை வாசித்தார். இடையில் சாந்தியை அருகே நிறுத்தி ஒரு மெட்டின் முதற் பாதியைப் பழக்கினார். அவள் அதற்குள் ஒரு கமகத்தைச் செருகினாள், அவர் புருவத்தை உயர்த்தினார். நான் கணக்காகவே உச்சுக்கொட்டினேன். மாலையாகும்போது அறையில் இருந்தவர்களும் தலையை ஆட்டி உச்சுக்கொட்டத் தொடங்கியிருந்தார்கள், பெரும்பாலும் பிழையான இடங்களில்.

பிடில் விற்கப்படவில்லை. அதன் பின் வந்த இரண்டு விழாக்களிலும் டெனிஸ் வாசித்தார். இரண்டுக்கும் சாந்தி போனாள்; நானும் போனேன். அவ்வூரில் பாடியவர் ஆறுமுகம் என்றே இன்றும் பேச்சு. அந்தப் பெயரைத் திருத்தும்படி மட்டும் நான் ஒருவருக்கும் எழுதவில்லை. தகப்பனார் மேலிருந்து என்ன நினைக்கிறாரோ தெரியாது.

7

அந்த முதல் விழாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளென் வேவர்லியில் ஒரு தமிழ் மருத்துவர் வீட்டில் பிறந்தநாள் விருந்து. நான் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னரே மருத்துவர் தொடங்கிவிட்டார்.

"என்ன மாஸ்ரர், தவறணையிலை நல்ல ஆட்டமாம்?"

"ஆர் சொன்னது?"

"குணரத்தினம் கண்ணாலை கண்டவராம்."

குணரத்தினம் நீர்வழங்கல் பொறியியலாளர். அந்த மேற்குப் பகுதியில் வேலை. அன்று ஹோட்டலின் பின்ஒழுங்கையால் காரில் போனாராம். வேலிக்கு மேலால், நான் வாய் திறந்து, தொடையில் அடித்து, தலையை ஆட்டிக்கொண்டிருக்க, சுற்றிவரச் சனம் கிளாசுகளோடு நின்றதைக் கண்டாராம். காற்று எதிர்ப்பக்கம், அவருக்குச் சத்தம் கேட்கவில்லை. கண்டதைக் கொண்டு மீதியைத் தாமே கட்டிக்கொண்டார்.

"சும்மா சொல்லுங்கோ மாஸ்ரர், எத்தினை கிளாஸ்?" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள். ஊரில் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நின்றவனும் அந்தச் சிரிப்பில் இருந்தான்.

வீடு திரும்பும்போது மனைவி, "நீங்கள் ஆடேல்லை, பாடினனீங்கள் எண்டு நான் சொல்லட்டோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஆட்டத்தை மறுக்கப் பாட்டை ஒப்புக்கொள்ளவேண்டும். எங்கள் வட்டாரத்தில் எது கூடிய வெட்கம் என்று எனக்கே தெளிவில்லை. ஆகவே மூன்று ஆண்டுகள் பேசாமல் இருந்தேன். கதை சிட்னிக்குப் போய், அங்கிருந்து ஊருக்கும் போனது. மைத்துனர் எழுதிய கடிதத்தில், என் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளும்படி ஓர் அறிவுரை இருந்தது. அதன் பொருள் எனக்கு விளங்காமல் இல்லை. அதற்கும் பதில் எழுதவில்லை.

ஆனால் இன்று காலை மொறன் சொன்னது வேறு. நான் என்ன பேசவேண்டும் என்று அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"அன்று மாமா தாளம் தவறினார். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும், அவருக்கு மட்டும்தான் தெரியாது. நீங்கள் ஒரு கனவானைப்போல் மன்னிப்புக் கேட்டீர்கள். அதோடு நிற்காமல், பிழையை அழகு என்று சொல்லி அவரை நம்பவும் வைத்தீர்கள். அந்தக் கருணையால் அவர் இறுதிவரை சந்தோஷமாக வாழ்ந்தார். அதைத்தான் எல்லாரும் உங்கள் வாயால் கேட்க விரும்புகிறார்கள்."

அவருடைய கண் கலங்கியிருந்தது. நான் மாட்டேன் என்று சொன்னதை அவர் மறந்திருந்தார், முற்றத்துக்குப் போனதை மறக்கவில்லை. நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். குணரத்தினம் என்னைப் பற்றிச் சொன்னதை நான் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை. இது என்னைப் பற்றியது அல்ல. இறந்தவர் எழுந்து வந்து பிடிலைத் தோளில் வைத்துக் காட்டப்போவதில்லை.

இவ்வருடம் போவேன், பேசுவேன். அங்கே ஆங்கிலத்தில் சொல்லப்போவதை இங்கே முதலில் தமிழில் எழுதிவைக்கிறேன். நான் குடித்தது எலுமிச்சம்பழச் சோடா. நான் ஆடவில்லை. நான் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருவருக்கும் கருணை காட்டவில்லை. டெனிஸ் தாளம் தவறவில்லை, நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.